கஜானாவிலிருந்து பாஸ்டில் வரை

1788 ஆகஸ்ட் 10ஆம் தேதி, வெர்சாய் அரண்மனையில் திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டார்கள். முந்திய ஆண்டு புதுச்சேரியில் கப்பலேறியவர்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி வேண்டும் என்பது அவர்கள் சுமந்துவந்த கோரிக்கை. அரசவை முழு அலங்காரத்தோடு கூடியது. பாரிஸ் அவர்களை வேடிக்கை பார்க்கத் திரண்டது. அவர்கள் ஊர் திரும்பியபோது செவ்ர் பீங்கான் கூட வந்தது, கைவினைஞர் சிலர் கூட வந்தார்கள், படை வரவில்லை.

மறுத்த மன்னரின் கைநிலைமை அவர்களுக்கு எந்த அளவு தெரிந்ததோ! அந்தச் சந்திப்புக்கு இரண்டு நாள் முன்புதான், 1614க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூடியிராத எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் மூவகுப்புப் பேரவையை வரும் மே மாதம் கூட்டுவதாக அரசு அறிவித்திருந்தது. சந்திப்பு முடிந்த ஆறாம் நாள், ஆகஸ்ட் 16 அன்று, கஜானா தான் கொடுக்கவேண்டிய தொகைகளில் ஒரு பகுதியை ரொக்கமாக அல்லாமல் காகிதமாகத் தரப்போவதாகச் சொன்னது. சுமார் 2.8 கோடி மக்களை ஆண்ட முடியரசு ஏறக்குறைய திவாலானதை ஒப்புக்கொண்ட நாள் அது.

பிரெஞ்சுப் புரட்சியின் கதையைச் சிலர் பசியிலிருந்து தொடங்குவார்கள், சிலர் ரூசோ, வோல்தேரிலிருந்து. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் பசி பிரான்சுக்குப் புதிதல்ல. 1775இல் தானிய விலை ஏறியபோது பாரிசைச் சுற்றிய ஊர்களில் கலகம் மூண்டது. அதற்கு ‘மாவுப் போர்’ என்றே பெயர். இரண்டு பேரைத் தூக்கிலிட்டு, படையை நிறுத்தி, சில வாரங்களில் அடக்கிவிட்டார்கள். ஆட்சி அசையவில்லை. நூல்களும் பல பத்தாண்டுகளாகப் படிக்கப்பட்டுவந்தவைதான். 1789ஐ 1775இலிருந்து பிரிப்பது கஜானாவின் நிலை என்பது என் எண்ணம். கடன் கொடுப்பவர் நம்பவில்லை. நம்பவைக்க வரி தேவை. வரிக்கு யாருடைய சம்மதமாவது தேவை. யாருடைய சம்மதம் என்ற கேள்வியை அரசே ஊருக்கு முன் வைத்த பிறகுதான் பசி அதற்குள் வந்து சேர்ந்தது.

கடனின் பெரும்பகுதி போரில் வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் பிரிட்டனைப் பழிவாங்கும் வாய்ப்பைக் கண்டு பிரான்ஸ் இறங்கியது. செலவு, அன்றைய பிரெஞ்சு நாணயமான லிவ்ரில், 100 கோடியைத் தாண்டியது. அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கரையில் நடந்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன; கரையில் புஸ்ஸியின் படை கடலூரில் முற்றுகைக்குள் கிடந்தது. ஐரோப்பாவில் ஜனவரி மாதமே சமாதான முன்னொப்பந்தம் எழுதியாகிவிட்டது. செய்தி வந்துசேரும்வரை ஆட்கள் செத்தார்கள், கணக்கில் செலவு ஏறியது. போர் முடிந்து பிரான்ஸ் கையில் மிஞ்சியது கொஞ்சம்: ஒரு தீவு, ஆப்பிரிக்கக் கரையில் சில இடங்கள், திரும்பக் கிடைத்த புதுச்சேரி.

1788ஆம் ஆண்டின் கணக்கு இன்றும் இருக்கிறது. வரவு 50.3 கோடி லிவ்ர், செலவு 62.9 கோடி. அந்தச் செலவில் ஏறக்குறைய பாதி பழைய கடனுக்கான வட்டியும் தவணையும். அரசவைச் செலவு மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு. அரசி மரி அந்துவானெத்தின் தலையலங்காரமும் வைர நெக்லஸ் வழக்கும் கதைக்குச் சுவை சேர்க்கும். கஜானாவில் விழுந்த ஓட்டையை அவை விளக்கா. அரசியின் நகை முழுவதையும் விற்றிருந்தாலும் அந்த வட்டியில் ஒரு மூலைதான் அடைந்திருக்கும்.

தலைக்கு இவ்வளவு கடன் என்று பார்த்தால் பிரிட்டன் இதைவிட மோசம். அங்கே குடிகள் கட்டிய வரியும் அதிகம். ஆனால் பிரிட்டன் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கியது. பிரான்சுக்கு அந்த வட்டியில் யாரும் கொடுக்கவில்லை. லண்டனில் ஒவ்வொரு கடனுக்கும் ஈடாக இன்ன வரி என்று நாடாளுமன்றம் வாக்களித்து ஒதுக்கியது. கடன் கொடுத்தவரில் பலர் அந்த அவையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள். வெர்சாயில் அரசன் சொல்தான் பிணை. அரசன் சொல்லை மீறி அரசனே நடந்த முன்வழக்குகள் ஏராளம்.

வரியைக் கூட்டினால் தீராதா? இங்கேதான் பழைய ஆட்சியின் முடிச்சு இறுகிக் கிடந்தது. ‘தாயி’ என்ற முதன்மை நேர்வரியை உழவர்கள் கட்டினார்கள், பிரபுக்களுக்கு விலக்கு. திருச்சபை வரி கட்டாது. தான் தீர்மானித்த தொகையைக் ‘காணிக்கை’யாகக் கொடுக்கும். பணக்கார நகரங்கள் பல தனிச்சலுகை வாங்கிவைத்திருந்தன. பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. அவற்றில் சுமார் 4000 பதவிகள் வாங்கியவரைப் பிரபுவாக்கும், அதாவது வரிப் பட்டியலிலிருந்து ஒருவரைக் குறைக்கும். இன்றைய பணமுடைக்கு நாளைய வருமானத்தை விற்பதே அரசின் நிரந்தர வழக்கமாகியிருந்தது.

உப்பு வரியைப் பார்த்தால் நாடு எப்படித் துண்டு துண்டாக ஆளப்பட்டது என்பது விளங்கும். ‘காபெல்’ என்ற அந்த வரி கடுமையாக இருந்த மாகாணங்களில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவர் பேரிலும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு என்று கட்டாயமாக வாங்கியாக வேண்டும். பக்கத்துப் பிரித்தானி மாகாணத்திலோ அந்த வரியே இல்லை. எல்லையில் கடத்தல் ஒரு தொழிலாக வளர்ந்தது; நாய்களைப் பழக்கி அவற்றின் உடம்பில் உப்பைக் கட்டி அனுப்பினார்கள். இந்த வரியையும் புகையிலை, சுங்க வரிகளையும் தண்டியது அரசு அல்ல, ‘ஃபெர்ம் ஜெனரால்’ என்ற குத்தகைக் கூட்டம். முன்பணம் கட்டிக் குத்தகை எடுத்து, மேற்கொண்டு வசூலானதை எடுத்துக்கொள்ளும் செல்வர்கள். வேதியியல் அறிஞர் லவாசியே அவர்களில் ஒருவர். சரக்குகள் வரி கட்டாமல் நுழையாதபடி பாரிசைச் சுற்றி மதில் எழுப்பலாம் என்ற யோசனை அவருடையது. 1780களில் அந்த மதில் எழுந்தது. பாரிஸ்காரர்கள் அதை மறக்கவில்லை.

அமெரிக்கப் போரின்போது நிதிப் பொறுப்பிலிருந்த நெக்கர் போருக்கு வரி போடவில்லை, கடன் வாங்கினார். ஜெனீவாவில் பிறந்த புராட்டஸ்டன்ட் வங்கியாளர் அவர். அவர் விற்றவற்றில் ஆயுள் வட்டிப் பத்திரம் முக்கியமானது. பணம் கட்டினால், குறிப்பிட்ட ஒருவர் உயிரோடிருக்கும்வரை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த ‘ஒருவர்’ கிழவராக இருந்தாலும் குழந்தையாக இருந்தாலும் வட்டி ஒன்றே. ஜெனீவா வங்கியாளர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். நல்ல குடும்பங்களில் பெரியம்மையைத் தாண்டிப் பிழைத்த சிறுமிகள் முப்பது பேரைத் தேர்ந்து, அவர்கள் பேரில் பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். பிரான்சின் கஜானா ஜெனீவாச் சிறுமிகளின் ஆரோக்கியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது.

1781இல் நெக்கர் ஒரு காரியம் செய்தார். அரசின் வரவு செலவை அச்சிட்டு விற்பனைக்கு விட்டார். அதுவரை அரச இரகசியமாக இருந்த கணக்கு பல்லாயிரம் பிரதிகள் விற்றது. ஒரு கோடி லிவ்ர் உபரி என்று அதில் இருந்தது. போர்ச் செலவைத் தனிக் கணக்கென்று ஒதுக்கிவைத்ததால் வந்த உபரி அது. கடன் கொடுப்பவரைத் தேற்றத்தான் எழுதினார். அந்த வகையில் வெற்றிதான். ஆனால் கணக்குக் கேட்கலாம், கணக்கைப் பற்றிப் பேசலாம் என்ற பழக்கத்தை நாட்டுக்கு ஏற்படுத்திவிட்டார். முடியாட்சிக்கு அதன் எதிரிகள் எழுதிய துண்டறிக்கைகளைவிட இந்த அரைப்பொய்க் கணக்கு அதிகத் தீங்கு செய்தது என்றே நினைக்கிறேன்.

அதன் விளைவு ஆறாண்டுகளில் தெரிந்தது. 1783 முதல் நிதிப் பொறுப்பிலிருந்த கலோன், 1786 ஆகஸ்டில் மன்னரிடம் போய் உண்மையைச் சொன்னார்: பற்றாக்குறை 10 கோடி லிவ்ருக்கு மேல்; 1776க்குப் பிறகு வாங்கிய கடன் 125 கோடி. அவர் வைத்த தீர்வு துணிச்சலானது. யாருக்கும் விலக்கில்லாத நிலவரி. அதை நிர்ணயிக்க நிலவுடைமையாளர் கூடும் மாகாண அவைகள். உள்நாட்டுச் சுங்கச் சாவடிகள் ஒழிப்பு. இதற்கு ஒப்புதல் தேட அரசே தேர்ந்தெடுத்த 144 முக்கியஸ்தர்களை 1787 பிப்ரவரி 22 அன்று வெர்சாயில் கூட்டினார். தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்துக் கூட்டிய கூட்டம் தலையாட்ட மறுத்தது.

சுயநலம் என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்குவது எளிது. ஆனால் வரிச் சமத்துவக் கொள்கையை அவர்களில் பலர் ஏற்றார்கள். அவர்கள் கேட்டது வேறு: நெக்கர் உபரி என்றார், நீர் பற்றாக்குறை என்கிறீர், யார் சொல்வது உண்மை? கணக்கைக் காட்டும். கலோன் ஏப்ரலில் வீழ்ந்தார். அவருக்குப் பின் வந்த துலூஸ் பேராயர் பிரியென் ஏறக்குறைய அதே திட்டத்தைக் கொண்டுவந்தார். நிரந்தர வரிக்கு ஒப்புதல் தரும் உரிமை எங்களுக்கு இல்லை, அது நாட்டின் பிரதிநிதிகளுக்கே உண்டு என்ற பேச்சு அந்த அவையிலேயே கிளம்பிவிட்டது.

அதே பேச்சை பாரிஸ் பார்லெமான் பிடித்துக்கொண்டது. அது உயர் நீதிமன்றம். நீதிபதிகள் பதவியை விலைக்கு வாங்கிய பிரபுக்கள். அரச ஆணை சட்டமாக வேண்டுமென்றால் அங்கே பதிவாக வேண்டும். எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடாமல் புதுவரி பதிவாகாது என்று நீதிபதிகள் நின்றார்கள். மன்னர் அவர்களை துருவா நகருக்கு அனுப்பினார், பிறகு திரும்ப அழைத்தார். 1787 நவம்பர் 19 அன்று 42 கோடி லிவ்ர் கடனுக்கான ஆணையை நேரில் வந்து பதியவைத்தபோது, இது சட்டவிரோதம் என்று ஒரு குரல் எழுந்தது. மன்னரின் சொந்த உறவினரான ஓர்லேயான் கோமகனின் குரல் அது. நான் விரும்புவதால் இது சட்டப்படியானதுதான் என்று மன்னர் தடுமாறிச் சொன்ன பதில் நாடெங்கும் பரவியது. பதினான்காம் லூயி சொல்லியிருந்தால் மண்டபம் அடங்கியிருக்கும்.

1788 மே மாதம் பார்லெமான்களின் பதிவு அதிகாரத்தையே பறிக்க முயன்றார்கள். மாகாணங்கள் கொந்தளித்தன. ஜூன் 7 அன்று கிரனோபிள் நகரில் மக்கள் கூரைமேல் ஏறிப் படைவீரர் மீது ஓடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். திருச்சபையிடம் 80 லட்சம் லிவ்ர் காணிக்கை கேட்டால் 18 லட்சம் தந்தது, கூடவே கண்டனமும் தெரிவித்தது. ஆகஸ்டில் கடன் கொடுக்க ஆளில்லை. பிரியென் போனார், நெக்கர் வந்தார், பார்லெமான் மீண்டது, தெருவில் வாணவேடிக்கை நடந்தது.

இதுவரை நடந்ததில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை நான் சொல்லவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முடியாட்சியை முதலில் மண்டியிடவைத்தவர்கள் பிரபுக்கள், ஆயர்கள், நீதிபதிகள். வரலாற்றறிஞர் ஜார்ஜ் லெஃபேவ்ர் 1789ஐ நான்கு புரட்சிகளாகப் பிரித்து, முதலாவதைப் பிரபுக்களின் புரட்சி என்றார். அவர் நூல் 1939இல் வெளிவந்தது. அடுத்து வந்த, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு அதன் 8000 பிரதிகளை எரிக்க உத்தரவிட்டது. எரிக்கத் தோன்றும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இன்று படிப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

1788 செப்டம்பர் 25 அன்று, அரசனுக்கு எதிராகச் சேர்ந்து நின்றவர்களின் கூட்டணி உடைந்தது. எஸ்டேட்ஸ் ஜெனரல் 1614இல் கூடிய முறைப்படியே கூடும் என்று பாரிஸ் பார்லெமான் தீர்ப்பளித்தது. அந்த முறையில் குருமார், பிரபுக்கள், மற்றவர் என மூன்று வகுப்பும் தனித்தனியே உட்கார்ந்து, வகுப்புக்கு ஒரு வாக்குப் போடும். முதல் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது எப்போதும் தோற்கும். முந்திய நாள் வரை சுதந்திரத்தின் காவலர்களாக வாழ்த்தப்பட்ட நீதிபதிகளின் பெயர் ஒரே நாளில் கெட்டது. அரசன் தன் விருப்பப்படி வரி போடக்கூடாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு இருந்தது. அவனுக்குப் பதிலாக யார் சம்மதிப்பது என்பதில் இல்லை.

துண்டறிக்கைகள் மழையாகப் பெய்தன. 1789 ஜனவரியில் வந்த சியேஸின் ‘மூன்றாம் வகுப்பு என்பது என்ன?’ அவற்றில் தலையாயது. சலுகை பெற்ற வகுப்புகள் நாட்டின் உறுப்பே அல்ல, ஒட்டிக்கொண்ட சுமை என்பது அதன் வாதம். எழுதியவர் ஒரு குருவானவர். மேலே போக வழியில்லாமல் ஆயர்களின் பணியில் காலம் கழித்தவர். அதற்குச் சற்று முன், 1788 டிசம்பர் இறுதியில், நெக்கர் மூன்றாம் வகுப்பின் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். வாக்கு தலைக்கு ஒன்றா, வகுப்புக்கு ஒன்றா என்பதைச் சொல்லாமல் விட்டார். இரட்டிப்பான எண்ணிக்கைக்கு வகுப்பு வாக்கில் ஒரு பயனும் இல்லை. நெக்கரை நல்லவராக்கி எழுதும் நூல்கள் இந்த மௌனத்தை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றன.

வானமும் சும்மா இருக்கவில்லை. 1788 ஜூலை 13 அன்று பாரிசைச் சுற்றிய வயல்களில் அடித்த ஆலங்கட்டி மழை விளைந்த கதிரைத் தரையோடு சாய்த்தது. தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் சேன் ஆறு உறைந்தது, ஆலைகள் நின்றன, மாவு அரைபடவில்லை. பாரிசில் நான்கு பவுண்டு ரொட்டி வழக்கமாக எட்டு அல்லது ஒன்பது சூ; சூ என்பது லிவ்ருக்குக் கீழான சில்லறைக் காசு. 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ. கூலியாளின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. ரொட்டிக்கே கூலி போனபின் துணி யார் வாங்குவார்? நெசவு ஊர்கள் 1786இல் பிரிட்டனோடு செய்த வணிக ஒப்பந்தத்தால் ஏற்கெனவே அடிபட்டிருந்தன. இப்போது தறிகள் நின்றன. எர்னஸ்ட் லபுரூஸ் என்ற பொருளியல் வரலாற்றறிஞர் இந்த விலைகளை ஊர் ஊராகத் தொகுத்தார். அவர் வரைந்த கோட்டில் தானிய விலை உச்சம் தொடுவது 1789 ஜூலையின் முதற்பாதியில்.

ஏப்ரல் கடைசியில் பாரிசின் சேன்-அந்துவான் புறநகரில் ஒரு வதந்தி பரவியது. சுவரொட்டு அலங்காரக் காகிதத் தொழிற்சாலை முதலாளி ரெவெய்யோன், தொழிலாளி 15 சூவில் வாழலாம் என்றாராம். ரொட்டி விலை குறைந்தால் கூலியும் குறையலாம் என்ற பொருளில் அவர் பேசியிருக்கலாம். மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனுக்குக் காகிதம் தந்த, வேலையில்லாத நாட்களிலும் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்த மனிதர் அவர். ஏப்ரல் 28 அன்று அவர் வீட்டைச் சூறையாடினார்கள். படை சுட்டதில் பலர் மாண்டார்கள். ரெவெய்யோன் உயிர் தப்பிப் புகுந்த இடம் பாஸ்டில் கோட்டை. பதினோரு வாரம் கழித்து அதே புறநகர்தான் அந்தக் கோட்டையின் வாசலுக்குப் போனது.

அந்த வசந்தத்தில் பிரான்ஸ் வாக்களித்துக்கொண்டிருந்தது. வரிப் பட்டியலில் இருக்கும், 25 வயது நிறைந்த ஆண்கள் ஊர் ஊராகக் கூடிக் குறைகளை எழுதித் தந்தார்கள். பல்லாயிரக்கணக்கான குறைப்பட்டியல்கள். உப்பு வரி, நிலக்கிழாரின் வேட்டை உரிமை, பயிரைத் தின்னும் அவருடைய புறாக்கள், பத்தில் ஒன்று தானியம் கேட்கும் திருச்சபை. முடியாட்சி ஒழிக என்று ஊர்கள் எழுதவில்லை. மன்னரைத் தந்தை என்றே விளித்தன. ஆனால் குறையைக் கேட்டு எழுதிய பின் பதில் வராமல் போனால் என்ன ஆகும் என்று வெர்சாயில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகளாக வந்தவர்களைப் பற்றி ஆல்ஃபிரட் கோபன் என்ற ஆங்கில அறிஞர் ஒரு கணக்கெடுத்து பழைய விளக்கமொன்றை உலுக்கினார். எழுந்துவரும் முதலாளி வர்க்கம் என்று பேசப்பட்ட அந்த அவையில் வணிகரும் உற்பத்தியாளரும் சிறுபான்மை. பெரும்பாலோர் வழக்கறிஞர்கள், சிறு நீதிமன்றப் பதவிகளை விலைக்கு வாங்கியவர்கள். திமோத்தி டாக்கெட் அவர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்து இன்னொன்றைச் சொன்னார்: புரட்சிக்காரர்களாக அவர்கள் வரவில்லை, வெர்சாயில் கழிந்த ஆறு வாரங்கள் அவர்களை அப்படி ஆக்கின.

அந்த ஆறு வாரங்களை நினைத்தால் நம்பத்தான் தோன்றுகிறது. பிரபுக்களுக்குப் பொன்சரிகையும் இறகுத் தொப்பியும். மூன்றாம் வகுப்புக்குச் சாதாரணக் கறுப்பு உடை என்று அரசவை விதித்தது. மே 5 அன்று திறப்பு விழாவில் நெக்கர் மூன்று மணிநேரம் நிதி பற்றிப் பேசினார். குரல் போய், மீதியை வேறொருவர் வாசித்தார். வாக்கு முறை பற்றித் தெளிவாக ஒன்றும் இல்லை. தனித்தனி அறையில் சான்றிதழ் சரிபார்க்க மூன்றாம் வகுப்பு மறுத்தது. சேர்ந்து உட்கார்ந்தால்தான் சரிபார்ப்பு. இதிலேயே மே கழிந்தது. ஜூன் 4 அன்று பட்டத்து இளவரசன், ஏழு வயதுப் பிள்ளை, நோயில் இறந்தான். மன்னர் துக்கத்தில் ஒதுங்கினார்.

முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் ஊர்ப் பங்குக் குருமார்கள். குருமார் வகுப்பின் பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள். ஓர் ஆயர் லட்சக்கணக்கில் வருமானம் பெற்ற சபையில், சம்பளத்தை மட்டும் நம்பிய ஊர்க்குரு ஆண்டுக்கு 700 லிவ்ரில் வாழ்ந்தார். ஜூன் 13 அன்று புவாத்துவிலிருந்து வந்த மூன்று குருமார் மூன்றாம் வகுப்பின் மண்டபத்துக்குள் நடந்து வந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர் வந்தார்கள். ஜூன் 17 அன்று, 89 பேர் எதிர்க்க, ஏறத்தாழ 490 வாக்குகளோடு அந்த அவை தன்னைத் தேசிய அவை என்று அறிவித்தது.

அன்று அவர்கள் போட்ட முதல் தீர்மானங்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இப்போதுள்ள வரிகள் நாட்டின் சம்மதம் இல்லாதவை, ஆகவே செல்லாதவை. ஆனால் இந்த அவை கூடியிருக்கும்வரை தற்காலிகமாகத் தண்டலாம். அவை கலைக்கப்பட்ட நாளிலிருந்து யாரும் கட்டவேண்டியதில்லை. இது ஒன்று. அரசின் கடன் இனி நாட்டின் நம்பிக்கைப் பொறுப்பில் என்பது இன்னொன்று. அவையைக் கலைத்தால் வரி நிற்கும், காத்தால் கடன் கொடுத்தவர் பணம் பிழைக்கும். சில நாள் முன்வரை நாட்டுப்புற வழக்கறிஞர்களாக இருந்தவர்கள் பாரிசின் பணக்காரர்களை ஒரே மாலையில் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்து மண்டபம் பூட்டிக் கிடந்தது. அரச அமர்வுக்கு ஏற்பாடு நடக்கிறது என்றார்கள். கலைப்பின் தொடக்கம் என்று இவர்கள் எண்ணினார்கள். மழையில் நின்றவர்களுக்கு அருகிலிருந்த பந்தாட்டக் கூடத்தைச் சொன்னவர் மருத்துவர் கியோத்தென். பிற்பாடு தலைவெட்டும் பொறிக்குப் பெயர் தந்தவர். நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் அமையும்வரை கலைவதில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட ஒருவர்தான் மறுத்தார், மார்த்தேன்-தோக் என்பவர். பதிவேட்டில் தன் பெயரருகே எதிர்ப்பையும் குறித்தார். அதை அழிக்காமல் விட்டார்கள்.

ஜூன் 23 அன்று மன்னர் வந்து வரிக்குச் சம்மதம், பத்திரிகைச் சுதந்திரம் எனப் பலவற்றையும் தர முன்வந்தார். ஓராண்டு முன்பு தந்திருந்தால் ஊர் கொண்டாடியிருக்கும். கூடவே 17ஆம் தேதித் தீர்மானங்கள் செல்லா, வகுப்புகள் பிரிந்தே உட்கார வேண்டும் என்றார். எல்லோரும் கலையும்படி உத்தரவு வந்தபோது மூன்றாம் வகுப்பு எழவில்லை. துப்பாக்கி முனை வந்தாலன்றி நகரமாட்டோம் என்ற பொருளில் மூன்றாம் வகுப்பின் பிரதிநிதி மிராபோ பேசியது புகழ்பெற்றது. அந்தச் சமயத்தில் துப்பாக்கி முனை அருகில் இல்லை. நான்கு நாளில் மன்னர் மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்காரச் சொன்னார். அதே நாட்களில் எல்லைப் படைகளுக்கும் உத்தரவு போய்க்கொண்டிருந்தது.

ஜூலை தொடக்கத்தில் பாரிசைச் சுற்றிப் படை திரண்டது. பல பிரிவுகள் சுவிஸ், ஜெர்மன் வீரர்கள் கொண்டவை. ஜூலை 11 அன்று நெக்கர் நீக்கப்பட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்தி பாரிசுக்கு வந்தது. நெக்கர் என்றால் பாரிஸ்காரருக்கு இரண்டு பொருள்: பத்திரக்காரருக்குத் தம் வட்டி, ஏழைக்கு ரொட்டி. அவர் போனால் இரண்டும் போகும் என்று நம்பினார்கள். பலே-ருவாயால் தோட்டத்தில் காமில் தெமுலேன் என்ற வழக்கறிஞர் கூட்டத்தை ஆயுதம் எடுக்கச் சொன்னார். அன்றிரவு முதலில் எரிந்தவை லவாசியேயின் மதிலில் இருந்த சுங்கச் சாவடிகள், 54இல் 40. பிறகு சேன்-லசார் மடத்தில் தானியம் தேடினார்கள். அரசியல் கைதிகளைப் பற்றி அதுவரை யாருக்கும் நினைவில்லை.

14ஆம் தேதி காலை இன்வாலித் மாளிகையில் சுமார் 30,000 துப்பாக்கிகள் கிடைத்தன. மருந்து இல்லை. அது பாஸ்டிலில் இருந்தது, 250 பீப்பாய். அதற்காகத்தான் போனார்கள். உள்ளே 82 ஓய்வுபெற்ற வீரர்களும் 32 சுவிஸ் வீரர்களும். பேச்சுவார்த்தை இழுத்தது, ஒரு கட்டத்தில் சுடத் தொடங்கினார்கள், முற்றுகையிட்டவர்களில் 98 பேர் மாண்டார்கள். அரசப் படையிலிருந்து பிரிந்துவந்த பிரெஞ்சுக் காவல் வீரர்கள் பீரங்கியைக் கோட்டை வாசலுக்கு நேராக நிறுத்திய பிறகே கதவு திறந்தது. ஆளுநர் லோனேயைக் கொன்று தலையை ஈட்டியில் ஏற்றினார்கள். கைதிகள் ஏழு பேர்: கள்ளப்பத்திரக்காரர் நால்வர், மனநிலை பிறழ்ந்தவர் இருவர், குடும்பமே அடைத்துவைத்த பிரபு ஒருவர்.

கோட்டையைப் பிடித்தவர்களின் பெயர்ப்பட்டியலை ஜார்ஜ் ரூடே ஆராய்ந்தார். பெரும்பாலோர் சேன்-அந்துவானின் தச்சர், பூட்டுத் தொழிலாளர், மேசை நாற்காலி செய்பவர், சிறு கடைக்காரர். தொழிலும் முகவரியும் உள்ள ஆட்கள். திருடர் கும்பல் என்று பிற்காலத்தில் எழுதியவர்களுக்கு இந்தப் பட்டியல் வசதியாக இல்லை.

படைத்தலைவர்கள் தம் வீரர்கள் சுடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியவில்லை. அத்தோடு மன்னரின் கை ஓய்ந்தது. நெக்கர் திரும்ப அழைக்கப்பட்டார். நாட்டுப்புறத்தில் வேறொன்று நடந்தது. ஜூலை பின்பாதியில், பிரபுக்கள் கூலிக்கு அமர்த்திய கொள்ளையர் பயிரை அழிக்க வருகிறார்கள் என்ற பேரச்சம் ஊருக்கு ஊர் பாய்ந்தது. ஷம்பாஞ் பகுதியில் மந்தை ஒன்று கிளப்பிய புழுதியைக் கொள்ளையர் என்று எண்ணி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கொள்ளையர் எங்கும் வரவில்லை. கையில் எடுத்த ஆயுதம் இருந்தது. பல இடங்களில் அதோடு நிலக்கிழார் மாளிகைக்குப் போய், தாங்கள் கட்டவேண்டிய பாத்தியதைகள் எழுதிய பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கி எரித்தார்கள். அந்தப் பதிவேடுகளைத் தூசிதட்டிப் புதுப்பித்துத் தரும் தொழில் அப்போது செழித்திருந்தது. பின்னாளில் பொதுவுடைமை பேசிக் கொல்லப்பட்ட பபூஃப் பிக்கார்தியில் அந்தத் தொழில் செய்தவர். எரித்தவர்களுக்கு எதை எரிக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 4 இரவு தேசிய அவையில் நொவாய், தெகியோன் ஆகிய பிரபுக்கள் எழுந்து தம் வகுப்பின் உரிமைகளைத் துறந்ததும், அதைத் தொடர்ந்து விடியும் நேரம்வரை ஒருவர் மாற்றி ஒருவர் துறந்ததும் அடிக்கடி சொல்லப்படும் காட்சி. அடுத்த வாரம் அதை வழக்கறிஞர்கள் சட்டமாக எழுதினார்கள். நிலமானிய முறை முற்றாக ஒழிந்தது என்று முதல் வரி. கீழே, நிலத்தின் மீதான பல பாத்தியதைகளை உழவர் விலை கொடுத்து மீட்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு விதித்த கணக்கில் பணமாகக் கட்டுவதற்கு இருபது மடங்கு, தானியமாகக் கட்டுவதற்கு இருபத்தைந்து மடங்கு. உழவர்கள் முதல் வரியைப் படித்தார்கள், மற்றதைப் படிக்க மறுத்தார்கள். 1793 ஜூலையில் இழப்பீடே இல்லாமல் மிச்சத்தையும் ஒழிக்கும்வரை அந்தத் தகராறு ஓயவில்லை.

கஜானா மட்டும் நிரம்பவில்லை. அதே ஆகஸ்டில் நெக்கர் 3 கோடிக்கும், பிறகு 8 கோடிக்கும் கடன் கேட்டார்; இரண்டும் தோற்றன. மன்னரை நம்பாத பணம் தேசிய அவையையும் உடனே நம்பிவிடவில்லை. அக்டோபர் 5 அன்று பாரிசின் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் மன்னர் குடும்பத்தைக் கையோடு பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 2 அன்று, 346க்கு எதிராக 510 வாக்குகளால், திருச்சபையின் சொத்து நாட்டின் வசமானது. டிசம்பரில் அதை ஈடாக வைத்து 40 கோடி லிவ்ருக்கு ‘அஸிஞா’ என்ற பத்திரங்களை வெளியிட்டார்கள். அவை சீக்கிரமே காகிதப் பணமாகி, சில ஆண்டுகளில் மதிப்பிழந்தன. பதினாறாம் லூயியும் அவர் அமைச்சர்களும் எடுக்கத் துணியாத முடிவை 1797 செப்டம்பரில் குடியரசு எடுத்தது: அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கு வட்டி கிடையாது, அந்தப் பங்குக்குப் பதில் ஏறக்குறைய மதிப்பில்லாத பத்திரங்கள்.